பந்து எங்கே விழுந்தது என்று யார் எழுதினார்கள்? வேகப்பந்துத் தேர்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேகப்பந்து வீச்சாளர் தேர்வை நடத்துகின்ற மதிப்புக்குரிய தேர்வாளர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும்,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று நீங்கள் அண்மையில் நடத்திய வேகப்பந்துத் தேர்வின் முறையை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தெரிவான பிள்ளைகள் மேல் எனக்கு எந்தக் குறையும் கிடையாது. அவர்களில் சிலர் என்னிடம் பந்து பிடித்துப் பழகியவர்கள், அவர்கள் முன்னேற வேண்டும். ஆனால் அன்றைக்கு எதை அளந்தீர்கள், எதை அளக்காமல் விட்டீர்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால் நான் பயிற்றுவிக்கும் பிள்ளைகளின் முகத்தில் முழிக்க முடியாது.

நடந்தது இதுதான். ஒரு பிள்ளைக்கு ஆறு பந்து. வலைக்குப் பின்னால் ஒருவர் பந்தின் வேகத்தை அளக்கும் ஸ்பீட் கன்னோடு நின்றார். அவர் இலக்கத்தைக் கூப்பிட்டுச் சொல்ல, மேசையில் இருந்தவர் தாளில் பதிந்தார். அந்தத் தாளை எட்டிப் பார்த்தேன். பெயர், பாடசாலை, பிறந்த திகதி, வேகம். அதற்கு மேல் நிரல் இல்லை. மறுமுனையில் மூன்று ஸ்டம்பும் நட்டுத்தான் இருந்தது. பந்து அதற்கு எவ்வளவு கிட்டப் போனது, எவ்வளவு தள்ளிப் போனது என்று எழுத இடமே இல்லை. கிரீஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தவர்களுக்கு ‘நோ போல்’ சொல்லவும் யாரும் நிற்கவில்லை. காலையில் வீசியவர்களுக்கும், பின்னேரம் கடற்காற்றுக்கு எதிரே ஓடி வந்தவர்களுக்கும் அதே தாள், அதே அளவு. அன்றைக்கு அதிக வேகம் என்று பதிவான பந்து ஸ்டம்புக்குக் கிட்டவே போகவில்லை. வலையின் பக்கவாட்டில் போய் மோதியது. அதை வீசிய தம்பி தெரிவானான்.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வந்த இன்னொரு பொடியன் தெரிவாகவில்லை. விடிய முதல் எழும்பி, வாவியைக் கடக்கும் மிதவையான ‘பாதை’யில் ஏறிக் குறுமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் எடுத்து வந்தவன் அவன். உயரம் அதிகமில்லை. ஓடி வரும்போது சத்தமே கேட்காது. ஆறு பந்தில் ஐந்து, ஓப் ஸ்டம்புக்கு (துடுப்பாட்டக்காரனின் காலுக்கு மறுபக்கத்து ஸ்டம்ப்) மேலேயோ அதிலிருந்து ஒரு சாண் விலகியோ போயின. அந்த ஐந்தும் விழுந்த இடத்தை ஒரு கதிரைப் பலகையால் மூடிவிடலாம். கடைசிப் பந்து யோர்க்கர், துடுப்பாட்டக்காரனின் காலடியில் விழுந்து நடு ஸ்டம்பின் அடியில். அத்தனையிலும் பந்தின் தையல் நிமிர்ந்தபடியே போனது. வேகம் காணாது என்று அனுப்பிவிட்டீர்கள். திரும்பிப் போகும்போது, “சேர், நான் எங்க பிழை விட்டன்?” என்று கேட்டான். அவனிடம் சொல்வதற்கு எனக்கு ஒரு பிழையும் அகப்படவில்லை.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். பந்து வீசுகிறவன் கால் வைக்கும் கிரீஸிலிருந்து எதிர்முனை ஸ்டம்ப் வரை 62 அடி. மூன்று ஸ்டம்பும் சேர்ந்த அகலம் வெறும் 9 அங்குலம். பந்து கையை விட்டுப் போகும் திசை ஒரே ஒரு பாகை மாறினால், அங்கே போய்ச் சேரும்போது ஓரடிக்கு மேல் விலகிவிடும். நடு ஸ்டம்பைக் குறிவைத்தது துடுப்பாட்டக்காரனின் கால் பக்கம் போய்விடும். 120 கிலோமீற்றர் வேகத்துக்கும் 130க்கும் இடையில் துடுப்பாட்டக்காரனுக்குக் குறைகிற நேரம், காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு நொடியில் நூறில் நான்கு பங்கு. அது சின்ன விஷயம் என்று நான் சொல்லவில்லை. நல்ல துடுப்பாட்டக்காரனையே தடுமாற வைக்கும் இடைவெளி அது. ஆனால் பந்து கால் பக்கம் போய்க் கொண்டிருந்தால் அந்த நூறில் நான்கு பங்கால் யாருக்கு என்ன லாபம்? அவன் காலை விலக்கிவிட்டு நிற்பான், வைட் கிடைக்கும்.

எங்கள் நாட்டு வேகப்பந்து வீச்சாளர் சமிந்த வாஸை எடுங்கள். டெஸ்டில் 355 விக்கெட், ஒருநாள் போட்டிகளில் 400. 2001 டிசம்பரில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் 19 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் எடுத்து சிம்பாப்வேயை 38 ஓட்டங்களுக்குச் சுருட்டினாரே, ஒருநாள் போட்டிகளில் அதைவிடச் சிறந்த பந்துவீச்சு இன்றுவரை இல்லை. வாஸ் வேகத்தைக் காட்டி யாரையும் பயமுறுத்தியவர் அல்லர். அவுஸ்திரேலியாவின் க்ளென் மெக்ராவும் அப்படித்தான். அவருடைய 563 டெஸ்ட் விக்கெட்டுகள் ஓப் ஸ்டம்பின் தலையைக் குறிவைத்து அலுக்காமல் வீசியதால் வந்தவை. இப்படிப்பட்ட பிள்ளை ஒருவன் எங்கள் பக்கத்தில் பிறந்து உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்றால், நீங்கள் கொண்டு வந்த அந்தத் தாளில் அவன் அகப்படவே மாட்டான்.

இதை அன்றைக்கே உங்களில் ஒருவரிடம் பக்குவமாகச் சொன்னேன். “வேகம் பிறவியில் வருவது. லைன், லெந்த் பிறகு சொல்லிக் கொடுக்கலாம்” என்றார். லைன் என்றால் பந்து போகும் நேர்கோடு, லெந்த் என்றால் அது விழும் தூரம். அவர் சொன்னது பல பயிற்றுநர்கள் சொல்வதுதான், பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது. ஆனால் பதினைந்து, பதினாறு வயதில் வேகம் என்று நீங்கள் பதிவது பாதி உடம்பு வளர்ச்சி. மீசை முளைத்து, தோள் விரிந்துவிட்ட பிள்ளையும், இன்னும் குரல்கூட உடையாத பிள்ளையும் ஒரே வயதுப் பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். இன்றைக்குப் பிந்தியிருக்கிறவன் இரண்டு வருடத்தில் முந்தி வளர்ந்தவனைத் தாண்டிப் போகலாம். அதோடு, ‘பிறகு சொல்லிக் கொடுக்கலாம்’ என்கிறீர்களே, அந்தப் பிறகு எங்கே? முன்பு நீங்கள் எடுத்த எங்கள் பிள்ளைகள் முகாமுக்குப் போய்வந்தார்கள். இன்னும் வேகமாக, இன்னும் வேகமாக என்று வீசச் சொன்னார்கள் என்றுதான் வந்து சொன்னார்கள். கால் எங்கே விழுகிறது என்று அவர்களுக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. சிலருக்கு விளக்கம் தரப்பட்டது சிங்களத்தில். பிள்ளை தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறான்.

குறி தவறாமல் வீசுவது அதிர்ஷ்டம் அல்ல, உடம்பை ஒவ்வொரு முறையும் அதே மாதிரி நகர்த்துவதால் வருவது. அதில் எந்த இடத்தில் கோளாறு என்று கண்ணால் பார்த்தே பிடிக்கலாம். முதலில் ஓட்டம். தொடங்குகிற இடத்தை அடியால் அளந்து குறி போடாத பிள்ளை ஒரு நாள் கிரீஸுக்கு வெளியே காலை வைப்பான், மறுநாள் ஓரடி பின்னால் நின்று வீசுவான். லெந்தும் அதோடு சேர்ந்து ஆடும். எங்களிடம் வருகிறவர்களில் அரைவாசிப் பேருக்கு மேல் ஆரம்பத்தில் பாய்ந்து ஓடி, கிரீஸுக்கு வரும்போது மூச்சு வாங்குகிறவர்கள்தான். மெதுவாகத் தொடங்கிக் கடைசி அடிகளில் வேகத்தைக் கூட்டச் சொன்னாலே நோ போல் பாதி குறைந்துவிடும்.

அடுத்தது தலையும் முன்கையும். வலக்கையால் வீசுகிறவன் என்றால் அவனுடைய இடக்கை குறியை நோக்கி மேலே போய், விலாவோடு ஒட்டிக் கீழே இறங்க வேண்டும். அந்தக் கை பக்கவாட்டில் வீசிப் போனால் தோள் சீக்கிரம் திறக்கும், தலை இடப்பக்கம் சரியும், பந்து கால் பக்கம் போகும். எத்தனை முறை பார்த்தாலும் இதுதான் காரணம். பிள்ளையிடம் “லைனைப் பார்த்து வீசு மகன்” என்று கத்தினால் அவனுக்கு ஒன்றும் விளங்காது. அவன் பார்த்துத்தான் வீசுகிறான். “தலையை நேரே வை, இடக்கையை இறுக்கி இழு” என்றால் பத்துப் பந்துக்குள் வித்தியாசம் தெரியும். பிறகு மணிக்கட்டு. தையலுக்குப் பின்னால் இரண்டு விரலும் நிமிர்ந்து நிற்க வேண்டும். கையை ஒரு கணம் முந்தி விட்டால் பந்து மேலெழும்பி, நிலத்தில் படாமலே போகும் புல்டோஸ் ஆகும், ஒரு கணம் பிந்தினால் குட்டையாக விழும். நாங்கள் யூரியாப் பையை வெட்டி, ஓப் ஸ்டம்புக்கு நேரே, ஆடுதளத்தில் விரித்த பாயில் வைத்துப் பழக்குகிறோம். பையில் பந்து பட்டால் வருகிற சத்தத்தை வைத்தே கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன், யார் வீசினான் என்று. இதற்கு ஒரு சதமும் செலவில்லை. உங்கள் தேர்விலும் இதை வைத்திருக்கலாம்.

இனி நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் பழகுவது கொங்கிரீட்டில் விரித்த தும்புப் பாயில். அதில் பந்து புல்தரை விக்கெட்டைவிட உயரமாக எழும்பும். புல்தரையில் ஸ்டம்பிலிருந்து ஆறு, ஏழு மீற்றர் தள்ளி விழுகிற பந்து ஓப் ஸ்டம்பின் தலையைத் தொடும். அதே இடத்தில் பாயில் விழுந்தால் ஸ்டம்புக்கு மேலால் பறந்துவிடும். அதனால் எங்கள் பிள்ளை தானாகவே பந்தைத் துடுப்பாட்டக்காரனுக்கு இன்னும் கிட்டப் போடப் பழகுகிறான். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவன் உடம்பு அந்த லெந்தைப் படித்துக்கொள்கிறது. அவனைக் கொண்டுபோய் ஒரு நாள் புல்தரையில் நிறுத்துகிறீர்கள். பழகிய இடத்திலேயே போடுகிறான். அங்கே பந்து எழும்பாமல் வருகிறது. துடுப்பாட்டக்காரன் காலை முன்னால் வைத்து அடிக்கிறான். “கிழக்குப் பொடியன்களுக்கு லெந்த் தெரியாது” என்று எழுதிவிடுகிறீர்கள். அவனுக்கு லெந்த் தெரியும் ஐயா. அவனுக்குத் தெரியாதது நீங்கள் நிறுத்திய தரை. புல்தரையில் இரண்டு வாரம் பழக விட்டுப் பாருங்கள். ஒரு மீற்றர் பின்னால் இழுத்துக்கொள்ள அவனுக்கு அது போதும்.

பாய் விக்கெட்டில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கொங்கிரீட் தளம் மண்ணைவிட உயர்ந்து நிற்கும். ஓடி வருகிறவனுடைய கடைசி அடிகள் மணலில், முன்கால் மட்டும் கொங்கிரீட்டில். மணலில் உந்த முடியாததால் துள்ளல் குறையும், கட்டாந்தரையில் குதிகால் இடிக்கும். மாரி மழை பெய்தால் தளத்தின் ஓரத்து மண் அரித்துப் போய்ப் படியே உண்டாகிவிடும். நாங்கள் மண்வெட்டியோடு போய் நிரவிவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்குகிறோம். இந்தத் தரையில் ஓடி வந்தும் ஒரு பிள்ளை ஒரே இடத்தில் பந்தை விழுத்துகிறான் என்றால், அவனுடைய ஒழுங்கை நீங்கள் இரண்டு மடங்காக மதிக்க வேண்டும்.

மென்பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு “இவன்கள் எல்லாம் டென்னிஸ் போல் காரன்கள்” என்று ஒரு பேச்சுக் காதில் விழுந்தது. ஆம், எங்கள் பிள்ளைகள் மென்பந்தில்தான் வளர்கிறார்கள். சித்திரைப் புதுவருடம் வந்தால் கல்லாறு முதல் வாழைச்சேனை வரை, அந்தப் பக்கம் கல்முனை, நிந்தவூர், திருக்கோவில் வரை மென்பந்துச் சுற்றுப்போட்டி நடக்காத மைதானம் அரிது. லசித் மாலிங்க வந்ததும் மென்பந்திலிருந்துதான். 2007 உலகக் கிண்ணத்தில் கயானாவில் தென்னாபிரிக்காவின் நான்கு விக்கெட்டுகளை நான்கு அடுத்தடுத்த பந்துகளில் சாய்த்த அந்தக் கை, கிரீஸில் சப்பாத்தை வைத்துக் குறிபார்த்துப் பழகிய கை. மென்பந்து யோர்க்கரைக் கற்றுத் தரும், நெருக்கடியில் பயமில்லாமல் வீசக் கற்றுத் தரும். அதில் குறையும் உண்டு. டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு, கடினப்பந்து 156 முதல் 163 கிராம். ஏறக்குறைய மூன்று மடங்கு பாரம். பாரமில்லாத பந்தை வேகமாக அனுப்பப் பிள்ளைகள் முழங்கையை மடித்து எறியப் பழகிவிடுவார்கள். கடினப்பந்துக்கு வந்ததும், வீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது என்ற விதி குறுக்கே நிற்கும். இதைத் திருத்த வேண்டிய வயது பதின்மூன்று, பதினாலு. அந்த வயதில் எங்கள் பிள்ளைகளின் கையில் கடினப்பந்து இல்லை. ஒரு பந்தைத் தோல் உரிந்து, தையல் படுத்து, வெறும் உருண்டையாகும் வரை வைத்து வீசுகிறோம். தையல் இல்லாத பந்தில் தையலை நிமிர்த்தி வீசு என்று எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கடைசியாக, எனக்கு நித்திரை வராமல் செய்கிற விஷயம். முன்பு ஒரு முறை வேகத்தை மட்டும் பார்த்து எடுக்கப்பட்ட பிள்ளை ஒருவன் காலையும் பின்னேரமும் முழு வேகத்தில் வீச விடப்பட்டான். அவன் வீசும் முறையில் ஒரு கோளாறு இருந்தது. பின்கால் விழும்போது இடுப்பு துடுப்பாட்டக்காரனைப் பார்த்திருக்கும், தோள் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். இப்படி இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமுமாக முறுக்கி வீசினால் அடிமுதுகு எலும்பில் வெடிப்பு வரும் ஆபத்து அதிகம் என்பது பல வருடமாகத் தெரிந்த விஷயம். வளர்கிற வயதில் எலும்பு இன்னும் இறுகாததால் ஆபத்து இன்னும் கூடும். அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டெனிஸ் லில்லி போன்ற மாமனிதனே முதுகு எலும்பு வெடித்து நீண்ட காலம் விளையாடாமல் இருந்தார். பக்கம் திரும்பி வீசலாம், முன்னால் பார்த்து வீசலாம், இரண்டையும் கலக்கக் கூடாது. அந்தப் பிள்ளையின் முறையை யாரும் பார்க்கவில்லை, இலக்கத்தைத்தான் பார்த்தார்கள். முதுகு நோகிறது என்று சொன்னபோது தைலம் பூசி மறுநாளும் வீச வைத்தார்கள். ஊருக்குத் திரும்பியபோது அவனால் குனிந்து சப்பாத்துக் கட்ட முடியவில்லை. மாதக்கணக்கில் ஓய்வெடுக்கச் சொன்னார் வைத்தியர். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை. அவனுடைய தாய் என்னிடம்தான் வந்து கேட்டா, உங்களிடம் அல்ல.

ஆகவே நான் உங்களிடம் கேட்பவை இவை.

அண்மையில் நடந்த தேர்வை முடிந்த கதையாக வைக்காமல், வேகத்தை மட்டும் காரணம் காட்டித் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளை மறுபடி கூப்பிட்டுப் பாருங்கள். இந்த முறை ஒவ்வொருவருக்கும் குறைந்தது நான்கு ஓவர் கொடுங்கள். முதல் ஓவரில் எல்லாரும் நன்றாக வீசுவார்கள், களைத்த பிறகு பந்து எங்கே விழுகிறது என்பதில்தான் ஆள் தெரியும். எதிரே ஒரு துடுப்பாட்டக்காரனை நிறுத்துங்கள். கிரீஸில் நடுவர் ஒருவர் நிற்கட்டும். பாயில் குறி விரித்து, குறியில் விழுந்தவை எத்தனை, வைட் எத்தனை, நோ போல் எத்தனை என்று வேகத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஸ்பீட் கன்னைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அந்தத் தாளில் இன்னும் மூன்று நிரல் போடச் சொல்கிறேன். அந்தத் தாளின் பிரதியொன்று, தெரிவானாலும் ஆகாவிட்டாலும், பிள்ளையின் கையில் தமிழில் கிடைக்க வேண்டும். எதைத் திருத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியட்டும்.

தெரிவாகும் ஒவ்வொரு பிள்ளையின் பந்துவீச்சையும் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வீடியோ எடுத்து, இடுப்பும் தோளும் முறுகுகின்றனவா என்று பார்த்த பிறகே முகாமில் வீச விடுங்கள். வயதுக்கு ஏற்ப ஒரு நாளைக்கு எத்தனை ஓவர் என்ற எல்லையை எழுத்தில் வையுங்கள். அதைப் பெற்றோருக்கும் பாடசாலைக்கும் அனுப்புங்கள். முதுகு நோகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கே பந்தை வாங்கி வைக்க வேண்டும். முகாமில் தமிழில் விளக்கக்கூடிய பயிற்றுநர் ஒருவராவது இருக்க வேண்டும்.

மாகாண மட்டத்துக்குக் கொண்டு போகுமுன் எங்கள் பிள்ளைகளுக்குப் புல்தரை விக்கெட்டில் இரண்டு வாரப் பயிற்சி வேண்டும். இரு மாவட்டத்திலும் கடினப்பந்து விளையாடுகின்ற பாடசாலைகளுக்கு, பதின்மூன்று வயதுப் பிரிவிலிருந்தே, தவணைக்கு ஒரு முறையாவது புதிய பந்துகள் வேண்டும். ஓடி வரும் பாதையைக் கொங்கிரீட் தளத்தின் மட்டத்துக்கு மண் நிரப்பித் தாருங்கள், இது ஒரு உழவு இயந்திரப் பெட்டி கிறவலால் முடிகிற வேலை. பெண் பிள்ளைகளை இந்தத் தேர்வுக்குக் கூப்பிடவே இல்லை. அடுத்த முறை அவர்களுக்கும் அழைப்பு வர வேண்டும்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது என்று மாரி மழை தொடங்குமுன் எழுத்தில் பதில் தாருங்கள். அடுத்த தேர்வின் திகதியைப் பாடசாலைகளுக்கு அறிவிக்கும் கடிதத்திலேயே, அன்றைக்கு எவற்றை அளக்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாடசாலைக் கிரிக்கெட் பயிற்றுநர் ஒருவர்,
மட்டக்களப்பு.